அண்ணிக்கு எதிராகப் போட்ட பந்து

அண்ணி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். வந்து நின்றதும் வலது கால் பெருவிரலால் மண்ணைக் கிளறினார். பதுளை மைதானத்து மண் வெயிலில் இறுகிக் கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெயர்ந்தது. கால் பதிகிற அளவுக்குப் பள்ளம் ஆனதும் வலது காலை அதில் இறக்கி, இடது காலை முன்னால் வைத்து நின்றார்.

எனக்கும் அவருக்கும் நடுவே எங்கள் தோட்டத்து லய வீட்டில் நாலு காம்பரா நீளம் இருக்கும். என் கையில் பந்து. வெள்ளைத் தோல், சிவப்பு நூல் தையல். உள்ளங்கை வியர்வை பட்டால் புதுச் செருப்பு மாதிரி மணக்கும்.

கடைசிச் சுற்று. எங்கள் கம்பெனி அணி ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. தோட்டத்து அணியில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பாதி வழியில் நிற்கிறார்கள். அண்ணி ஓங்கி ஒன்று அடித்தால் அந்த இரண்டு பேரும் ஓடி வந்து சேருவார்கள், நாங்கள் தோற்போம். அண்ணி அவுட்டானால் நாங்கள் ஜெயிப்போம்.

எனக்கு இன்னொன்றும் இருந்தது. அன்று காலையிலேயே எங்களைப் பழக்கிய மாஸ்டர் சொல்லியிருந்தார். என்னைச் சோதித்துப் பார்க்க எடுத்த மூன்று மாதம் அன்றோடு முடிகிறது. நான் சரிவரவில்லை என்றால் சாயந்தரம் பசறை பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

"ஏ புள்ள," என்றார் அண்ணி, இடுப்பில் தட்டிக்காட்டி. "இந்தா, இங்க போடு."

நாலு வருஷமாக அவர் அப்படித் தட்டிக்காட்டிய இடத்தில்தான் நான் பந்து போட்டு வந்தேன்.

சரிவில் ஒரு மைதானம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் கம்பெனி லொறி எங்கள் தோட்டத்துக்கு வந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி கேட்டாராம், கொழுந்து பறிக்கிற பிள்ளைக்கு எதற்கு வேலை கொடுத்துப் பந்து போடச் சொன்னார்கள் என்று. நியாயமான கேள்விதான். அதற்கு முதலில் எல்லே விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எல்லே தெரியாத ஆள் இந்த நாட்டில் குறைவு. சித்திரை வருஷப் பிறப்புக்கு ஊருக்கு ஊர் ஆடுவார்கள். மூங்கில் கம்பால் பந்தை அடித்துவிட்டு ஓடிச் சுற்றி வர வேண்டும். அதில் ஒரு விசேஷம் உண்டு. அடிக்கிற ஆளுக்குப் பந்து போடுவது எதிர் அணி இல்லை. சொந்த அணிக்காரர்தான் போட வேண்டும். அடிக்கிறவருக்கு எது வசதியோ அந்த உயரத்தில், அந்த வேகத்தில் போட்டுக் கொடுப்பதுதான் கெட்டித்தனம்.

தோட்டத்தில் எங்கள் டிவிசனில் அந்தக் கெட்டித்தனம் என்னிடம் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது. நான் கூச்சப்படுகிற பிள்ளை. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால்கூட "இருக்கேன்" என்று சொல்ல வாய் வராது, பக்கத்தில் நிற்பவர்கள்தான் சொல்லுவார்கள். பந்து போடும்போது மட்டும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. கம்பைப் பார்த்தால் போதும். அதனால் எனக்கு அது பிடித்துப்போனது.

அடிப்பது பாக்கியம் அண்ணி. என் மூத்த அண்ணனுடைய மனைவி, இரண்டு பிள்ளைகளின் தாய். மலையில் அவர் கொழுந்து பறிக்க ஒரு நிரை பிடித்தால் பக்கத்து நிரைக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டு ஓடிப் பிடிக்க வேண்டும். வாயும் அப்படித்தான். கங்காணி ஒருநாள், "பாக்கியம், கம்பைப் புடிக்கிற வேகத்துல கொழுந்தையும் புடிச்சா என்ன?" என்றதற்கு, "கொழுந்து பறந்து வரட்டுங்க, புடிக்கிறேன்" என்றார்.

எங்கள் மைதானம், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் இருந்த சரிவு. மைதானம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். நான் மேட்டில் நின்று போடுவேன், அண்ணி பள்ளத்தில் நின்று அடிப்பார். முன்கால் மேலே, பின்கால் கீழே. கொழுந்து மலையிலும் அப்படித்தானே நிற்கிறோம். அவருடைய உடம்பு அந்த நிலைக்கே பழகிவிட்டது. பாரம் எல்லாம் பின்காலில் இருக்கும். இடுப்பு உயரத்தில் பந்து வந்தால், மயிர் உதிர்ந்த எங்கள் டென்னிஸ் பந்து தேயிலைக்கு மேலே பறந்துபோய் அடுத்த மலை ரோட்டில் விழும்.

நாலு வருஷமும் வருஷப் பிறப்புப் பரிசு எங்கள் டிவிசனுக்குத்தான் வந்தது.

கை தட்டிய குற்றம்

கம்பெனி என்று நான் சொல்வது பதுளைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தையல் தொழிற்சாலை. அதன் முதலாளி வெளிநாடு போய் பேஸ்போல் என்ற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, தன் தொழிற்சாலைக்கும் ஒரு பெண்கள் அணி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அப்போது நம் பக்கத்தில் அந்த ஆட்டத்தின் பெயரைக்கூட யாரும் கேட்டதில்லை. பந்து போடத் தெரிந்த பெண்கள் எங்கே என்று தேடினார்கள். எல்லே ஆடுகிற இடத்துக்குப் போங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

லொறியில் வந்தவர் மாஸ்டர். சிங்களவர், தமிழ் பேசுவார். நான் போட்ட பந்துகளை ஒரு பகல் முழுக்கப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி, "இந்த நங்கி வேணும்" என்றார். நங்கி என்றால் தங்கச்சி.

அண்ணி நேராகவே கேட்டார். "நானும் வர்றேங்க மாஸ்டர். அடிக்க ஆள் வேணாங்களா?"

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கு தானே. வயசும் கொஞ்சம் கூட" என்றார் மாஸ்டர்.

என் துணியை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தது அண்ணிதான்.

தோட்டத்து வேலைப் பதிவில் என் பேரை வெட்டிவிட்டார்கள். எனக்குப் பயம் அதில்கூட இல்லை. திரும்பிப் போனால் லயத்தில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஏன் வந்தாய், என்ன நடந்தது என்று கேட்பார்கள். என்னைப் போன்றவளுக்கு அதைவிட மலையில் அட்டை கடிப்பது மேல். என்ன ஆனாலும் திரும்பக் கூடாது என்று வந்த முதல் நாளே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

காலையில் தைத்த சட்டைகளில் நூல் வெட்டுகிற வேலை. பகல் சோற்றுக்குப் பிறகு மைதானம். ஆடுவதற்கு நீளக் காற்சட்டை கொடுத்தார்கள். நான் அதற்கு மேலே பாவாடையைக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு வாரம் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. எட்டாம் நாள் பந்து போடக் காலைத் தூக்கியபோது பாவாடை தடுக்கி முகம் மண்ணில் பட விழுந்தேன். எழுந்து பாவாடையை அவிழ்த்து, மடித்து, கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதற்குப் பிறகு கட்டவில்லை.

அடுத்த சங்கடம் அவ்வளவு லேசில் தீரவில்லை.

பேஸ்போலில் பந்து போடுகிறவள் அடிக்கிறவளுக்கு எதிரி. நெஞ்சுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே, தரையில் பதித்த வெள்ளைப் பலகைக்கு நேராகப் பந்து போக வேண்டும். அப்படிப் போகிற பந்தில் மூன்றைத் தவறவிட்டால் அடிக்கிறவள் அவுட். நாலு பந்து வெளியே போனால் அவள் சும்மாவே முதல் இடத்துக்கு நடந்துவிடலாம். மாஸ்டர் இதையெல்லாம் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். எனக்கும் விளங்கியது. கைக்கு விளங்கவில்லை.

முதல் பயிற்சி ஆட்டத்திலேயே எதிர் அணிப் பிள்ளை ஒருத்திக்கு இடுப்பு உயரத்தில் அழகாக ஒன்று போட்டேன். அவள் அடித்த அடியில் பந்து வேலி தாண்டிப் போனது. நான் சந்தோஷத்தில் கை தட்டினேன்.

மைதானமே என்னைப் பார்த்தது. எனக்குப் பின்னால் ஒருத்தி சிரிக்கத் தொடங்க, எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "நங்கி, நீ யாருக்கு ஆடுறது?" என்று கேட்டார்.

பந்தைப் பின்னால் இருந்து பிடிக்கிறவர் ரிஸ்வானா ராத்தா. பதுளை டவுன்காரர், தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர் என்பதால் ராத்தா, அதாவது அக்கா. அவர் முகமூடியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "இவ பந்து போடல்ல மாஸ்டர். சோறு ஊட்டி விடுறா."

அன்றிலிருந்து எனக்குச் சோறூட்டி என்று பேர். தினமும் மற்றவர்கள் போன பிறகு ராத்தாவை நிறுத்திவைத்து நூறு பந்து போட்டேன். முழங்கால் ஓரம், நெஞ்சு ஓரம், இடது ஓரம், வலது ஓரம். இடுப்புக்கு மட்டும் போடக் கூடாது. ராத்தா கை வீங்கிப் போய்த் திட்டுவார். "வீட்டுல எனக்கு மாவு பிசைய ஏலாது புள்ள, ஒன்னாலதான்" என்பார். மறுநாளும் வந்து நிற்பார்.

அன்றைய ஆட்டம்

மூன்று மாதம் முடிகிற நாளில் கம்பெனி அணியோடு ஆட, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து எல்லே ஆடுகிற பெண்களைச் சேர்த்து ஒரு அணி கொண்டுவந்தார் மாஸ்டர். அவர்களுக்குப் பதினைந்து நாள் இந்த ஆட்டத்தைப் பழக்கியிருந்தார்கள். லொறியில் இருந்து முதலில் குதித்தது அண்ணி.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "காச்சட்ட நல்லாத்தான்டி இருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு அந்த மாஸ்டருக்குக் காட்டணும் புள்ள. வயசு கூடயாமே எனக்கு" என்றார்.

மூன்று மாதச் சோதனை அன்றோடு முடிகிறது என்று அண்ணிக்குத் தெரியாது. சொன்னால் அவர் வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பார். அது எனக்கு வேண்டாம். சொல்லவில்லை.

முதல் தடவை அண்ணி அடிக்க வந்தபோது நான் செய்ததை இன்றும் நினைத்தால் கூசுகிறது. அவர் இடுப்பில் தட்டினார். என் கை இடுப்புக்குப் போட்டது. மூன்று மாதம், தினம் நூறு பந்து, எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பந்து மைதானத்து மதிலைத் தாண்டி பஸ் போகிற ரோட்டில் விழுந்தது. தோட்டத்துப் பெண்கள் எல்லாம் ஒரே சத்தம். மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். அது எனக்குப் போதும்.

இரண்டாவது தடவை பயத்தில் நாலு பந்தையும் வெளியே போட்டேன். அண்ணி மட்டையைப் போட்டுவிட்டு நடந்தார். போகிற போக்கில், "என்னாடி, நான் என்ன தீட்டா? கிட்டவே வர மாட்டேங்குது பந்து" என்றார்.

மற்றவர்களை நான் சரியாகத்தான் ஆட்டமிழக்கச் செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் கடைசிச் சுற்றிலும் நாங்கள் ஒன்று முன்னால் இருந்தோம். என் கஷ்டம் ஒரே ஆளிடம்தான்.

அண்ணி மூன்றாவது தடவை அடிக்க வரும் முன் மாஸ்டர் என்னிடம் வந்தார். "அவங்களை நடக்க விடுறதும் இல்ல. ஊட்டுறதும் இல்ல. போடணும். ஏலாதுன்னா இப்பவே சொல்லு, வேற ஆள் போடட்டும்."

"ஏலும்" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சத்தமாக ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

போடாத இடம்

இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு அண்ணி காத்திருந்தார். நான் அவருடைய கால்களைப் பார்த்தேன்.

வலது கால் பள்ளத்தில், இடது கால் மேட்டில். மட்டமான மைதானத்தில் எங்கள் சரிவைப் பெருவிரலால் தோண்டி வைத்திருக்கிறார். பாரம் முழுக்கப் பின்காலில். அப்படி நிற்கிற ஆளுக்கு, பலகையின் அவருக்குத் தள்ளியிருக்கிற ஓரத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு பந்து போனால் எட்டாது. எட்ட வேண்டும் என்றால் காலைப் பள்ளத்திலிருந்து எடுக்க வேண்டும். அதற்குள் பந்து போய்விடும்.

இது எனக்கு அன்றைக்குத் தோன்றிய யோசனை இல்லை. நாலு வருஷமாகவே தெரியும். அவருக்குப் பந்து போட்டவள் நான். எந்த இடத்தில் போடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, அந்த இடத்தைத் தவிர்த்துத்தானே போட்டு வந்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது. அண்ணிக்கே தெரியாது.

முதல் பந்தை அங்கே போட்டேன். அண்ணி மட்டையை வீசினார். காற்றுத்தான். பந்து ராத்தாவின் கையுறைக்குள் அடித்த சத்தம் கேட்டது.

தோட்டத்துப் பக்கத்திலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்து, "மருதாயி, டவுன் தண்ணி குடிச்சதும் சொந்த பந்தம் மறந்திருச்சா?" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினார். ஆழமாக்க ஆழமாக்க அந்த ஓரம் அவருக்கு இன்னும் தூரமாகும். போய்ச் சொல்ல வேண்டும் போல எனக்கு வாய் துடித்தது. பந்தின் தையலை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது பந்து. அதே இடம். இந்தத் தடவை மட்டை முனை பந்துக்கு ஒரு சாண் தள்ளிப் போனது.

அண்ணி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் எப்போதும் போலக் கம்பைப் பார்க்காமல், அவருடைய கண்ணைப் பார்த்தேன். அவர் மறுபடி இடுப்பில் தட்டினார். இந்த முறை மெதுவாக. சத்தமில்லாமல்.

பந்து போடுகிறவளாக நான் பதினோரு வருஷம் இருந்தேன். கொழும்பில் ஆடினேன், கண்டியில் ஆடினேன், என்னைவிட இரண்டு மடங்கு உடம்புள்ளவர்களுக்குப் போட்டேன். தோள் எலும்பு தேய்ந்து, தலைமுடி வாரக் கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் நிறுத்தினேன். அத்தனை வருஷத்திலும் அந்த மூன்றாவது பந்தைப் போல ஒன்று எனக்குக் கனக்கவில்லை.

காலைத் தூக்கினேன். அந்த ஓரத்துக்கே போட்டேன், முன்னைய இரண்டையும்விட வேகமாக. அண்ணி பள்ளத்திலிருந்து காலை எடுக்காமலே எட்டி அடிக்கப் பார்த்து, நிலை தடுமாறி, ஒரு முழங்காலில் விழுந்தார். பந்து ராத்தாவின் கையில் இருந்தது.

எங்கள் பிள்ளைகள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். மாஸ்டர் தூரத்திலிருந்து ஒரு தடவை தலையை ஆட்டினார். என் இடம் எனக்கு நின்றது.

அண்ணி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். நான் போய் முன்னால் நின்றேன்.

"தெரிஞ்சேதான் போட்டியா?"

"ஆமா அண்ணி."

"எப்பருந்து தெரியும்?"

"நம்ம ஒண்ணா ஆடத் தொடங்குனதுல இருந்து."

"ஒருநாள்கூடச் சொல்லலியேடி நீ."

"நாந்தானே உங்களுக்குப் போட்டேன். சொல்லத் தேவப்படல."

அவர் மட்டையை என் கையில் கொடுத்துவிட்டு லொறிக்குப் போனார். அது புறப்படுகிற வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை. நான் ஜெயித்த முதல் ஆட்டம் அது. அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை.

சித்திரை லீவு

அதற்குப் பிறகு அண்ணியிடமிருந்து பேச்சில்லை. அண்ணன் டவுனுக்கு வந்தால் அவரிடம் சாமான் கொடுத்து அனுப்புவார். வார்த்தை ஒன்றும் வராது.

வருஷப் பிறப்பு லீவுக்கு வீட்டுக்குப் போனேன். எங்கள் டிவிசனுக்குப் பந்து போட வேறு பிள்ளையைப் பழக்கியிருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணி வாசலில் வந்து நின்றார். கையில் மூங்கில் கம்பு.

"வா" என்றார்.

"எங்க அண்ணி?"

"கெளம்பு புள்ள. கேள்வி கேக்காத."

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் போனோம். பனி இன்னும் விலகவில்லை. செருப்பில்லாத காலுக்குப் புல் சில்லென்று இருந்தது. அண்ணி கீழே போய் நின்று கம்பை ஓங்கினார். இடுப்பில் தட்டவில்லை.

"அந்த எடத்துல போடு" என்றார்.

நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"ஒனக்குத் தெரிஞ்சா நாளைக்கு இன்னொருத்திக்கும் தெரியும். போடு. நான் பழகிக்கிறேன்."

போட்டேன். தவறியது. பந்து உருண்டு வடிகால் கானுக்குள் விழுந்தது. அண்ணியே இறங்கி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். மறுபடி போட்டேன். மறுபடி தவறியது. ஏழெட்டு ஆனது. பத்துப் பன்னிரண்டு ஆனது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் மெதுவாப் போடவா அண்ணி?"

"மெதுவாப் போட்டீன்னா இந்தக் கம்பு ஒன் முதுகுல இருக்கும்."

அப்போதுதான் பார்த்தேன். பின்காலை அவர் இந்தத் தடவை கீழே ஊன்றவில்லை. மேட்டுப் பக்கமாக, என்னை நோக்கி, ஒரு எட்டு எடுத்து வைத்திருந்தார்.

நான் முழு வேகத்தில் போட்டேன்.